மறைந்த கையும் வெறுங்கையும்: ஃப்ரீமேசன் லாட்ஜ் நடைபெறும் முறை

கோயம்புத்தூர் பந்தயச் சாலைப் பகுதியில் உள்ள மேசானிக் குழந்தைகள் மருத்துவ மையம் கொங்கு வட்டாரப் பெற்றோர் பலருக்கும் அறிமுகமான இடம். எனினும் அதன் பெயரில் உள்ள 'மேசானிக்' என்பது எந்த மருத்துவரையும் வள்ளலையும் குறிக்காமல், மூன்று நூற்றாண்டுப் பழமையுடைய ஃப்ரீமேசன் என்னும் சகோதர அமைப்பைக் குறிக்கிறது என்பதை அறிந்தோர் குறைவு. இவ்வமைப்பின் அடிப்படைக் கிளை லாட்ஜ் எனப்படுகிறது. தங்கும் விடுதியோடு தொடர்பில்லாத இப்பெயர், இடைக்கால ஐரோப்பாவில் பேராலயங்களைக் கட்டிய கல்தச்சர்கள் வேலையிடத்தின் அருகே போட்டுக்கொண்ட கொட்டகைக்கு முதலில் வழங்கி, பின்னர் அக்கொட்டகையில் கூடிய தொழிலாளர் குழுவுக்கு ஆகி, இறுதியில் உளியைக் கையால் தொட்டறியாத வணிகர், அலுவலர், வழக்கறிஞர் ஆகியோரின் சங்கத்துக்கு உரியதாயிற்று.

லண்டனில் 1717ஆம் ஆண்டு நான்கு லாட்ஜுகள் ஒன்றுகூடித் தமக்கு மேலாகக் கிராண்ட் லாட்ஜ் என்னும் தலைமை அமைப்பை ஏற்படுத்திக்கொண்டதிலிருந்து இவ்வியக்கத்தின் முறையான வரலாறு தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களோடு அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததால், சென்னையில் 1752லேயே ஒரு லாட்ஜ் நிறுவப்பட்டது. மெரினா கடற்கரையை நோக்கித் தூண்கள் நிரம்ப நிற்கும் தமிழ்நாடு காவல்துறைத் தலைமை அலுவலகக் கட்டடம் 1839இல் ஃப்ரீமேசன் கூடமாக எழுப்பப்பட்டு, 1865இல் காவல்துறைக்கு வாடகைக்கு விடப்பட்டு, 1874இல் 20,000 ரூபாய்க்கு அரசால் வாங்கப்பட்டது என்பதை அவ்வழியே நாள்தோறும் செல்வோர் பலர் அறியார். எழும்பூரில் இன்றும் பயன்பாட்டில் உள்ள கூடம் 1925இல் திறக்கப்பட்டது. ஆங்கில, ஸ்காட்டிஷ், ஐரிஷ் தலைமைகளின் கீழ்ச் சிதறிக் கிடந்த இந்திய லாட்ஜுகளில் பல, 1961ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று புதுதில்லியில் உருவான இந்திய கிராண்ட் லாட்ஜின் கீழ் வந்தன. அதன் முதல் தலைவராக ராம்பூர் நவாப் சையது ரஸா அலி கான் பொறுப்பேற்றார்.

லாட்ஜின் உறுப்பினர்கள் கற்குநர், கைவினைத் தோழர், தேர்ந்த வினைஞர் என்று பொருள்படும் மூன்று படிகளை முறையான சடங்குகளின் வழியே கடக்கின்றனர். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கைமடியாகச் சேரும் சிறுவன் துணியை மடித்துக் கொடுத்துப் பழகி, டைலராகி, கட்டிங் மாஸ்டராக உயர்வதைப் போன்ற தொழில் ஏணியே இதன் மூலவடிவம் ஆகும். வேறுபாடு என்னவெனில், இங்கே கற்கப்படுவது தொழில் அன்று, தொழிற்கருவிகளை உவமையாகக் கொண்ட ஒழுக்கம். மூலைமட்டம் நேர்மைக்கும், கவராயம் ஆசைக்கு இட வேண்டிய எல்லைக்கும், நீர்மட்டம் மனிதரிடையே உள்ள சமத்துவத்துக்கும் குறியீடுகளாக விளக்கப்படுகின்றன. தலைவர் கிழக்கிலும், மூத்த கண்காணிப்பாளர் மேற்கிலும், இளைய கண்காணிப்பாளர் தெற்கிலும் அமர, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட தரையைச் சூழ்ந்து மற்றவர்கள் இடம்பெறுவர். கதவுக்கு வெளியே உருவிய வாளோடு நிற்கும் வெளிக்காவலரின் பொறுப்பைப் பல லாட்ஜுகளில் முன்னாள் தலைவர் ஒருவரே ஏற்றுக்கொள்வதுண்டு.

சடங்கின் பகட்டு கண்ணைக் கவர்ந்தாலும், லாட்ஜை நூற்றாண்டுகள் தாண்டி நிலைநிறுத்துவது அதன் நிர்வாக ஒழுங்கே எனலாம். கிராண்ட் லாட்ஜ் வழங்கிய சாசனம் கூட்ட அறையில் இல்லாவிடில் கூட்டம் நடத்த இயலாது. சென்ற கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டு உறுதிசெய்யப்பட வேண்டும். கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்பட வேண்டும். தலைவர் இரகசிய வாக்கெடுப்பின் வழியே ஓராண்டுக்கு மட்டும் தேர்ந்தெடுக்கப்படுகிறார். கண்காணிப்பாளராகப் பணியாற்றியிராதவர் பொதுவாக அப்பதவிக்குத் தகுதி பெறுவதில்லை. ஆகவே ஒருவர் கதவின் உட்புறம் காவல் நிற்பது, செய்தி சுமப்பது, கண்காணிப்பது எனக் கீழ்ப்பணிகள் பலவற்றில் ஆண்டுக்கணக்காகப் பழகிய பின்னரே கிழக்கு இருக்கையை அடைகிறார். அடைந்த ஓராண்டில் அதை விட்டு இறங்கி, முன்னாள் தலைவர்களின் வரிசையில் அமர்கிறார். கட்சி அரசியலும் மதச் சச்சரவும் கூட்டத்தில் பேசப்படக் கூடா என்னும் விதி பிளவுக்குரிய வாயில்களில் பெரியவற்றை அடைத்துவிடுகிறது. பரம்பொருள் ஒன்றில் நம்பிக்கை உடையவராக இருத்தல் உறுப்பினர்க்கு இன்றியமையாத தகுதி. அப்பரம்பொருள் பிரபஞ்சத்தின் பெருந்தச்சர் என்று பொதுப்பெயரால் குறிக்கப்படுவதோடு, இந்திய லாட்ஜுகளில் பகவத் கீதை, குர்ஆன், விவிலியம், குரு கிரந்த சாகிப், பார்சிகளின் அவெஸ்தா ஆகியவை ஒரே பீடத்தில் வைக்கப்படுகின்றன.

வட இந்தியாவில் ஃப்ரீமேசன் கூடங்களை மக்கள் 'ஜாதூ கர்', அதாவது மந்திர வீடு, என்று அழைத்ததற்குக் காரணமான இரகசியங்கள் உண்மையில் 1730லேயே லண்டனில் அச்சேறிக் கடைகளில் விற்கப்பட்டுவிட்டன. சைகைகளையும் கடவுச்சொற்களையும் விட ஆராயத்தக்க இரகசியம் வேறொன்று உண்டு: அது பந்துப் பெட்டி. புதியவர் ஒருவரை உறுப்பினர் ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, விசாரணைக்குப் பின் வாக்கெடுப்பு நடைபெறும்போது, ஒவ்வொருவரும் வெள்ளைப் பந்தையோ கறுப்புப் பந்தையோ பெட்டிக்குள் கைவிட்டு இடுகின்றனர். எந்தக் கை எதை இட்டது என்பது வெளியே தெரியாதவாறு பெட்டி அமைக்கப்பட்டுள்ளது. ஆங்கில மரபில் மூன்று கரும்பந்துகள் விழுந்தால் விண்ணப்பம் தள்ளப்படும். இரண்டோ ஒன்றோ போதும் என்று தனி லாட்ஜ் தனக்கென விதி வகுத்துக்கொள்ளவும் இடமுண்டு. காரணம் கூற வேண்டியதில்லை, கேட்கவும் முடியாது. சேர்ந்து உண்ணவும் துயரில் துணைநிற்கவும் போகிறவர்களின் கூட்டத்தில் ஒருவரையொருவர் வெறுப்பவர் இருத்தல் ஆகாது என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம்.

இதே மறைந்த கை அறத்திலும் தொழிற்படுகிறது என்பதுதான் லாட்ஜின் அமைப்பில் வியக்கத்தக்க கூறு. கூட்டத்தின்போது ஒரு பையோ பெட்டியோ வரிசையாகச் சுற்றிவருகிறது. ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை அதனுள் இடுகின்றனர். நூறு ரூபாய் இட்டவரும் பத்து ரூபாய் இட்டவரும் ஒரே அளவு நேரம் கையை உள்ளே வைத்து எடுப்பதால், சேர்ந்த மொத்தத் தொகையன்றித் தனிக்கொடையின் அளவு எவருக்கும் தெரிவதில்லை. இவ்வழக்கத்துக்கு வேராக அமைவது முதற்படிச் சடங்கில் வரும் ஒரு பகுதி. புதியவர் உள்ளே அழைத்துவரப்படுவதற்கு முன், கடிகாரம், மோதிரம், சாவி, நாணயம் என உலோகமும் பணமுமான எல்லாம் அவரிடமிருந்து அகற்றப்படுகின்றன. சடங்கின் பிற்பகுதியில் அவர், அடிக்கல் இடும் இடமாகக் கொள்ளப்படும் வடகிழக்கு மூலையில், அதாவது தமிழகக் கட்டடக் கலைஞர்கள் ஈசானிய மூலை என்று போற்றும் திசையில், நிறுத்தப்பட்டு, ஏழைகளுக்காக ஏதேனும் வழங்குமாறு எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்படுகிறார். கொடுக்க மனமிருந்தும் கையில் ஒன்றுமில்லாத அந்நிலையில் அவர் தயங்கி நிற்க, இல்லாமை என்பது எத்தகையது என்பதை இனி எந்நாளும் நினைவிற்கொள்ளுமாறும், வறியவர் எதிர்ப்படும்போது இக்கணத்தை எண்ணி உதவுமாறும் அவருக்கு அறிவுறுத்தப்படுகிறது. செல்வந்தராயினும் சிற்றலுவலராயினும் ஒவ்வொருவரும் ஒருமுறை வெறுங்கையோடு நின்ற பின்னரே கொடையாளராக ஏற்கப்படுகின்றனர் என்னும் இந்த ஏற்பாடு, அறத்தைப் போதிக்கும் நூல்கள் பல செய்ய முடியாததைச் சில நிமிடங்களில் செய்துவிடுகிறது.

லாட்ஜின் உதவி முதலில் உள்ளிருந்து தொடங்குகிறது. அறப்பணி அலுவலர் என்று பொருள்படும் பதவியில் உள்ளவர், நோயுற்ற உறுப்பினரையும் இறந்தவரின் குடும்பத்தையும் நேரிற் சென்று கண்டு, தேவையை அறிந்து, பெறுபவரின் மானம் குறையாதவாறு நிதியைச் சேர்ப்பிக்கிறார். இவ்வுள்வட்டத்துக்கு அப்பால் மருத்துவமனை, பள்ளி, கல்வி உதவித்தொகை என விரியும் பணிக்குத் தனி அறநிலையங்கள் அமைக்கப்படுகின்றன; கோவையின் குழந்தைகள் மருத்துவ மையமும் புதுதில்லியின் மேசானிக் பள்ளியும் அவ்வகையைச் சேர்ந்தவை. ஆண்டுதோறும் தலைவர் மாறினாலும் அறநிலையம் தொடர்ந்து இயங்குமாறு அமைப்பையும் சேவையையும் பிரித்து வைத்திருப்பது, பொதுப்பணியில் ஈடுபடும் எந்தச் சங்கமும் கவனிக்க வேண்டிய நுட்பமாகும்.

மறைந்த கை தீங்கும் இழைத்துள்ளது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியில் ஃப்ரீமேசனாகச் சேர்க்கப்பட்டபோது மகிழ்ந்து பரிசனுப்பிய இயக்கம், அரசகுலத்தைச் சாராத இந்தியருக்கு அதே கதவை எளிதில் திறக்கவில்லை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் 1863இல் விண்ணப்பித்து, பல தெய்வங்களை வழிபடும் இந்துக்கள் பரம்பொருளில் நம்பிக்கை உடையவர் ஆகார் என்னும் வாதத்தோடு போராடி, 1872இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. பிற்காலத்தில் விவேகானந்தர் என அறியப்பட்ட நரேந்திரநாத் தத்தர் 1884இல் அதே நகரில் உறுப்பினரானபோது அத்தடை பெரிதும் தளர்ந்திருந்தது. பெண்களுக்கான தடை இன்றும் நீங்கவில்லை. 1902இல் பாரிசில் இருபாலர்க்கும் இடமளிக்கும் கிளை மரபில் சேர்ந்த அன்னி பெசன்ட் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்த போதிலும், மரபுவழி லாட்ஜுகள் ஆண்களுக்கு மட்டுமே உரியனவாகத் தொடர்கின்றன. காரணம் கேட்க முடியாத வாக்கெடுப்பு, நட்பைக் காக்கும் வேலியாகத் தொடங்கி, காழ்ப்புக்கு மறைவிடமாகவும் ஆகக்கூடும் என்பதை இவ்வரலாறு எண்ணிப்பார்க்க வைக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய சேவைச் சங்கங்கள் இவ்விடத்தில் ஒரு திருத்தத்தைச் செய்தன. சிகாகோ நகரில் 1905இல் பால் ஹாரிஸ் தொடங்கிய ரோட்டரியும், ஃப்ரீமேசனாகவும் விளங்கிய மெல்வின் ஜோன்ஸ் 1917இல் உருவாக்கிய லயன்ஸும், ஓராண்டுத் தலைமை, கழுத்துப் பட்டயம், மேசைமீது ஒலிக்கும் மணியோ சுத்தியலோ ஆகிய பழைய சங்கங்களின் வழக்கங்களை வைத்துக்கொண்டு, சடங்கையும் இரகசியத்தையும் கைவிட்டன. 1980களின் இறுதியில் பெண்களுக்கும் கதவைத் திறந்தன. ரோட்டரி 1985இல் மேற்கொண்ட போலியோ ஒழிப்புப் பணி, அரசுகளோடும் உலக சுகாதார நிறுவனத்தோடும் இணைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் தளராமல் நடைபெற்றதன் பயனாக, இந்தியாவில் இயற்கைப் போலியோவின் இறுதி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார்; 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. தலைவர்கள் இருபத்தைந்துக்கு மேற்பட்ட முறை மாறியும் பணி மாறாதிருந்ததே அவ்வெற்றியின் அடிப்படை.

இரகசியத்தைக் கைவிட்டபோது மறைந்து கொடுக்கும் வழக்கமும் உடன் போய்விட்டது என்பதுதான் வருந்தத்தக்கது. திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் தனியாரும் சங்கங்களும் வழங்கும் கொடைக்குக் குறைவில்லை. பேருந்து நிழற்குடை, பள்ளி மேசை, குடிநீர்த் தொட்டி, மின்விளக்கு ஆகிய எல்லாவற்றிலும் உபயதாரரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. சில இடங்களில் பெயர் பொருளைவிடப் பெரிதாகவும் இருக்கிறது. ஜூலையில் புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும்போது பதாகைகள் எழுகின்றன. முந்தைய ஆண்டில் வைத்த குடிநீர்த் தொட்டியின் குழாய் உடைந்து கிடப்பதைக் கேட்பார் இல்லை, ஏனெனில் அது முந்தைய தலைவரின் திட்டம். ஊத்துக்குளி சாலையை ஒட்டி, ஊராட்சியாக இருந்து மாநகராட்சிக்குள் வந்த மண்ணரை போன்ற பகுதிகளில், வெளிமாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் தங்கிப் பனியன் கம்பெனிகளில் உழைப்போர் நோயுற்றால், அவர்களைத் தேடிச் சென்று காணும் உறவினர் அருகில் இல்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது பெயர் பொறித்த பலகையன்று. லாட்ஜின் அறப்பணி அலுவலரைப் போல, கதவைத் தட்டி நலம் கேட்டு, தேவையறிந்து உதவி, அதை வெளியே சொல்லாமல் திரும்பும் ஒருவர்தான்.

ஆகவே லாட்ஜிடமிருந்து கொள்ள வேண்டியதையும் தள்ள வேண்டியதையும் பிரித்தறிவது கடினமன்று. காரணம் கூறாமல் பிறரை விலக்கும் மறைந்த கை தள்ளத்தக்கது. அளவு தெரியாமல் கொடுக்கும் மறைந்த கை கொள்ளத்தக்கது. நகரின் ஒவ்வொரு சேவைச் சங்கமும், மகளிர் குழுவும், குடியிருப்போர் நலச் சங்கமும் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றலாம்: புதிய திட்டம் ஒன்றை அறிவிக்கும் முன், கடந்த ஐந்தாண்டுகளில் வழங்கிய பொருள்கள் இன்று பயன்பாட்டில் உள்ளனவா என்ற கணக்கைப் பொதுக்குழுவில் வாசித்தல் ஒன்று; கூட்டந்தோறும் பெயரெழுதாத ஒரு பையைச் சுற்றிவிட்டு, அதில் சேர்வதை விளம்பரமின்றி நோயாளிகளுக்குச் செலவிடுதல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் கட்டடமோ சடங்கோ தேவையில்லை. அடுத்த கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.