சோப்பா? சானிடைசரா?



2020-ல் கொரோனா பரவியபோது தமிழகத்தில் பல மகளிர் குழுக்கள் முகக்கவசமும் சானிடைசரும் தயாரித்துக் கொடுத்தன. அந்த பாட்டில் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. "இதைத் தடவினாப் போதும், கை கழுவ வேணாம்" என்று சிலர் சொல்வதையும் கேட்கிறோம். அது சரியா?

சானிடைசரில் உள்ள ஆல்கஹால்தான் கிருமியைக் கொல்கிறது. அது 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆனால் அழுக்கு கையிலேயேதான் இருக்கும். சோப்பு அப்படியல்ல. அழுக்கு, எண்ணெய்ப்பசை, கிருமி எல்லாவற்றையும் கையிலிருந்து பிரித்துவிடும். தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும்.

கையில் சேறோ சாணியோ இருந்தால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. வாந்தி, பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ் போன்ற சில கிருமிகள் அதற்கு எளிதில் சாகாது. பூச்சிமருந்தும் அதனால் போகாது.

எனவே, சோப்பு போட்டே கழுவ வேண்டிய நேரங்கள்:

* மலம் கழித்த பிறகு, குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு
* சமைக்கும் முன், சாப்பிடும் முன், குழந்தைக்கு ஊட்டும் முன்
* வயல்வேலை, மாட்டுவேலை முடிந்ததும்

விரலிடுக்கு, நகக்கண், புறங்கை எல்லாம் 20 விநாடியாவது தேய்க்க வேண்டும்.

பஸ்ஸில், சந்தையில், தண்ணீர் இல்லாத இடத்தில் சானிடைசர் உதவும். கை முழுக்கத் தடவி, காயும்வரை தேயுங்கள். துணியால் துடைக்காதீர்கள்.

இனி முக்கியமான விஷயம். சானிடைசர் சீக்கிரம் தீப்பிடிக்கும். கை காயாமல் அடுப்புப் பக்கம் போகாதீர்கள். சிறு குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள். பெரியவர்களும் விதிவிலக்கல்ல. 2020 ஜூலை கடைசியில் ஆந்திராவில் குறிச்சேடு என்ற ஊரில், மதுக்கடை மூடியிருந்ததால் சானிடைசரைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போலிச் சரக்கில் மெத்தனால் கலந்திருக்கலாம். கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும் விஷம் அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயத்தில் இருந்ததும் அதுதான். லேபிள் இல்லாததை வாங்கவே வேண்டாம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், உடனே 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் கூடவே எடுத்துப் போங்கள்.

தினமும் கை கழுவ ஒரு சோப்புக்கட்டி போதும். அடுத்த குழுக்கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்போம்: நம் வீட்டுக் கழிப்பறைப் பக்கத்தில் சோப்பு இருக்கிறதா? இல்லாத வீட்டில் அன்றைக்கே வைப்போம்.