தீவகத்தின் உழைப்பு – 9: காய்ச்சல் நாளின் கூலி

ஊர்காவற்றுறையில் எழுவைதீவுப் படகு ஏறினால், காரைநகர்ப் பக்கமாகக் கடலுக்குள் ஒரு கோட்டை தெரியும். ஒல்லாந்தர் ஹமன்ஹீல் என்று பெயரிட்ட கடற்கோட்டை. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே தொற்றுநோய்க்காரரை வைத்திருந்தார்கள். 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட இளைஞர்களுக்கும் அது சிறையானது. நோயாளியைக் கரையிலிருந்து பிரித்தால் ஊர் தப்பும் என்பது அன்றைய கணக்கு.

தோட்ட முதலாளிகளின் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். சென்ற வாரம் நாம் பேசிய தோட்டத் தொழிலாளர், 19ஆம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்கள். கொலரா அவர்களோடு நடந்தது. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, மண்டபம் முகாமில் ஏறத்தாழ ஒரு வாரம் தடுத்துவைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழு மருந்து கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அந்த முகாமைத் துரைமார் மனமார வரவேற்றார்கள். ஆள் பிடிக்கக் கொடுத்த முன்பணம் நோயில் சாகாமல் காத்தது அது. ஆனால் லயத்துக்குள் பிறக்கும் நோய்க்குச் செலவு செய்யச் சொன்னபோது முகம் மாறியது. தோட்ட மருத்துவத்துக்கென 1872இல் சட்டமே போட வேண்டியிருந்தது. அதன் பிறகும் கழிப்பறைக்கும் குடிதண்ணீருக்கும் இழுபறி ஓயவில்லை. வாசலில் நோயைத் தடுக்கப் பணம் இருந்தது, உள்ளே தடுக்க இல்லை.

நூறாண்டு கழித்து, 2020 ஒக்ரோபர் தொடக்கத்தில், கம்பஹா மாவட்டம் மினுவாங்கொடையிலுள்ள பிரண்டிக்ஸ் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த திவுலப்பிட்டியப் பெண் ஒருவருக்குக் கொரோனா உறுதியானது. சில நாட்களுக்குள் அதே தொழிற்சாலையோடு தொடர்புடைய தொற்றாளர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. அங்கிருந்து விடுமுறையில் புங்குடுதீவுக்கு வந்திருந்த பெண் ஒருவருக்கும் தொற்று என்று தெரிந்ததும் தீவகம் கலங்கியது, புங்குடுதீவு முடக்கப்பட்டது. யார் எந்த பஸ்ஸில் வந்தார், பக்கத்தில் யார் இருந்தார் என்று தேடல் நடந்தது. அந்தத் தேடல் தேவைதான். திவுலப்பிட்டியப் பெண்ணைப் பற்றிச் சமூக வலைத்தளங்களில் பரப்பிய அவதூறு எந்த நோயையும் தடுக்கவில்லை. காய்ச்சலோடு ஒரு பெண் வேலைக்குப் போனாள் என்றால், ஏன் போனாள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

அதற்குப் பதில் சம்பளச் சிட்டையில் இருக்கிறது. காமென்ட் வேலையில் அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதிதான். மேலதிக நேரம், டார்கெட் முடித்தால் கிடைக்கும் ஊக்கத்தொகை, ஒரு நாளும் தவறாமல் வந்தால் கிடைக்கும் வரவுக் கொடுப்பனவு எல்லாம் சேர்ந்தால்தான் போடிங் வாடகை கட்டி வீட்டுக்கும் அனுப்ப முடியும். இரண்டு நாள் படுத்தால் அந்த இரண்டு நாள் கூலியோடு மாதத்துக் கொடுப்பனவும் போய்விடும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் காரியாலயத்தில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 7 நாள் சம்பளத்துடன் சொந்த விடுமுறை தருகிறது. தையல் மெஷினில் இருப்பவள் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டாள். பிறகு காய்ச்சல்காரி பனடோல் இரண்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்காராமல் என்ன செய்வாள்?

காய்ச்சல் என்று சொல்லியும் லீவு கிடைக்கவில்லை என்று மினுவாங்கொடைத் தொழிலாளர் சிலர் ஊடகங்களிடம் சொன்னார்கள். சுகாதார விதிகளைப் பின்பற்றியதாக நிறுவனம் சொன்னது. விசாகப்பட்டினத்திலுள்ள தன் தொழிற்சாலையிலிருந்து வந்தவர்களும் முறைப்படி தனிமைப்படுத்தப்பட்டவர்களே என்றது. ஒக்ரோபர் இறுதியில் சட்டமா அதிபர் தப்புல டி லிவேரா குற்றவியல் விசாரணைக்குப் பணித்தார். யாருடைய தவறு என்ற அந்த வழக்கை இங்கே நான் நடத்தவில்லை. வாசலில் வெப்பமானி பிடிப்பதும் கைகழுவத் தொட்டி வைப்பதும் செலவு குறைந்தவை. வரவுக் கொடுப்பனவை நோய்க்காலத்துக்காவது நிறுத்தி, அந்தப் பணத்தை அடிப்படைச் சம்பளத்தில் சேர்ப்பதற்குத்தான் செலவு உண்டு. காய்ச்சலை மறைப்பதற்குப் பரிசு கொடுத்துக்கொண்டே காய்ச்சலைத் தேடினால் அகப்படுமா?

முதலாளிமார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2020 மே மாதம் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் கூடி ஓர் உடன்பாடு செய்தார்கள்: வேலைக்கு அழைக்க முடியாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இதில் எது கூடவோ அது. போதாத தொகைதான். ஆனாலும் வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் நாளுக்கும் ஒரு கூலி உண்டு என்று முதலாளிமார் எழுத்தில் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். வேலையில்லாத நாளுக்குக் கொடுக்க முடிந்ததை நோயான நாளுக்கு ஏன் கொடுக்க முடியாது?

எழுவைதீவுக்கு வருகிறேன். இங்கே வயிற்றுப்பாடு கடலும் பனையும். கொரோனாவின் அடி இந்தக் கரைக்குச் சந்தை வழியாக வந்தது. 2020 ஒக்ரோபர் 21இல் பேலியகொடை மத்திய மீன் சந்தையில் ஒரே நாளில் ஐம்பதளவில் தொற்றாளர் கண்டுபிடிக்கப்பட்டுச் சந்தை மூடப்பட்டது. வடக்கின் கரைகளில் பனிக்கட்டி போட்டுக் கூலர் வண்டியில் ஏறும் மீனில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம் அது. வாங்க ஆளில்லை, மீனில் கொரோனா ஒட்டுமென்று சாப்பிடவும் பயந்தார்கள். முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆரச்சி ஊடகங்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். விற்றவர்களும் சுமந்தவர்களும் அடித்துப்பிடித்து வேலை செய்த நெரிசலான சந்தையில் நோய் பரவியதற்கு, ஆழியிலே வலை இழுத்தவன் விலையிழந்தான்.

அவன் கேட்பதற்குக் கம்பனி இல்லை. மீன்பிடி பங்குக் கணக்கு: எண்ணெய்ச் செலவும் படகுப் பங்கும் போக மிச்சம் கடலுக்குப் போனவர்களுக்கு. போகாதவனுக்குப் பங்கில்லை, காய்ச்சலானாலும் இல்லை. 14,500 ரூபாய் உடன்பாட்டில் அவன் பெயர் வர வழியே கிடையாது. முடக்கக் காலத்தில் அரசு கொடுத்த 5,000 ரூபாயும், தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்குக் கொடுத்த 10,000 ரூபாய்ப் பெறுமதியான உலர் உணவுப் பொதியும் இரக்கத்தில் வந்தவை, உரிமையில் வந்தவையல்ல.

தையல் பெண்ணின் நோய் விடுமுறையைக் கேட்கச் சம்பளச் சபை என்று ஓர் இடமாவது உண்டு. தொழிற்சங்கங்கள் அதைக் கேட்கலாம், கேட்க வேண்டும். கடற்றொழிலாளிக்கென 1990இல் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. முதுமையையும் ஊனத்தையும் மரணத்தையும் அது கணக்கில் எடுத்தது. பத்து நாள் காய்ச்சலுக்கு அதில் இடமில்லை.

(தொடரும்)