வளையலை அடகு வைக்குமுன்...

"அக்கா, இந்த ஜோடி வளையலுக்கு அடகுக் கடையில் எவ்வளவு கொடுப்பார்கள்?"

சென்ற ஜூன் மாதம் ஒரு நாள் மாலை, எங்கள் எதிர் வீட்டு அம்மாள் முந்தானையில் முடிந்திருந்த வளையல்களை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். கணவருக்கு வேலை போய் நாலு மாதமாகிறது. ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்குப் பள்ளிச் சம்பளம் பாக்கி. "பாக்கியைக் கட்டினால்தான் டி.ஸி. என்கிறார்கள். டி.ஸி. இல்லாமல் யார் சேர்த்துக் கொள்வார்கள்?"

"தெருக்கோடியில் கார்ப்பொரேஷன் பள்ளி இருக்கிறதே!" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

வாசக சகோதரிகளே, அவளுக்கு வந்த சந்தேகங்கள் உங்களுக்கும் வந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதலில் டி.ஸி. விவகாரம். 2009-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றி, 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. டி.ஸி. வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக்கூடாது என்கிறது அது. வயதுச் சான்றிதழ் இல்லை என்றும் திருப்பி அனுப்பக்கூடாது. சேர்ப்பதற்குப் பரீட்சை வைக்கவும் கூடாது. பழைய பாக்கி பாக்கிதான்; அதை மெதுவாகத் தீர்க்கலாம். அதற்காகக் குழந்தை வீட்டில் உட்கார வேண்டியதில்லை.

"அடிப்பார்களே!" என்றாள் அடுத்தபடியாக. அடிப்பது மட்டுமல்ல, மனம் நோகும்படி வதைப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. மீறும் ஆசிரியர்மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டு. புகார் சொல்ல 1098, பள்ளி சம்பந்தமான விவரம் கேட்க 14417 என்று டெலிபோன் எண்களும் உண்டு. அடுப்படிச் சுவரில் குறித்து வையுங்கள்.

சாப்பாடு? பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு. சென்னை நகரசபை 1920-லேயே ஆயிரம் விளக்கில் தொடங்கிய வழக்கம் இது. 1956-ல் காமராஜர் காலத்தில் பரவியது. 1982-ல் பெரிதாக விரிந்தது. ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சிற்றுண்டி 2022-ல் ஆரம்பமாயிற்று. "அப்படியானால் சின்னவனுக்குக் காலையில் பொங்கல் கிடைக்குமா?" என்று கேட்டபோது அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"சரி அக்கா, நாளைக்கு இவள் டாக்டருக்கோ இஞ்சினீயருக்கோ படிக்க முடியுமா?" இதுதான் பெரிய பயம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் பரீட்சையில் தேறியவர்களுக்கென்று மருத்துவக் கல்லூரி இடங்களில் ஏழரை சதவிகிதம் தனியாக ஒதுக்கி 2020-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. மறு வருஷம் இஞ்சினீயரிங், விவசாயம், சட்டப் படிப்புகளுக்கும் அப்படியே ஒதுக்கினார்கள். ஆகவே ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறோம் என்பது அற்ப விஷயமல்ல.

எல்லாம் சட்டப்படி நடந்துவிடுகிறதா? அப்படிச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆறு முதல் எட்டு வரை முப்பத்தைந்து குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி; போய் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். குழாயில் தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதும் அப்படித்தான். அதற்காகத்தான் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் அங்கத்தினரில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆயிரமாயிரமாகச் சம்பளம் கட்டும் சுயநிதிப் பள்ளியில் இந்தச் சட்டம் உங்களுக்கு அப்படியொரு நாற்காலி போடவில்லை!

மறுநாள் காலை இருவருமாகப் போனோம். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆதார் கார்டைப் பார்த்தார். பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டார். "டி.ஸி. வந்ததும் கொடுங்கள்" என்றார். அரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது.

ஆகஸ்டில் பெற்றோர் கூட்டம். எதிர் வீட்டு அம்மாள் எழுந்து நின்று, "பெண் குழந்தைகள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, எப்போது போடுவீர்கள்?" என்று கேட்டாளாம். கேட்கும்போது குரல் நடுங்கியதாம். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

இரண்டு வாரத்தில் தாழ்ப்பாள் வந்தது. வளையல்கள் அவள் கையிலேயே இருக்கின்றன.

உங்கள் தெருக்கோடியிலும் ஒரு பள்ளி இருக்கும். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று இன்றைக்கே விசாரித்து வையுங்களேன்!