பருவமறிந்து பிடித்தல்

மும்பையின் கிழக்குப் பகுதியில், செம்பூரை அடுத்த திலக் நகரில் வசிப்போர்க்கு மழைக்காலத்தின் வருகையை அறிவிப்பவை இரண்டு. ஒன்று வானம்; மற்றொன்று மீன் அங்காடி. ஜூன் மாதம் பிறந்ததும் புதிய வவ்வால் மீனும் வஞ்சிரமும் அரிதாகி, விலை ஏறிவிடுகின்றது. பனிக்கட்டியில் நெடுநாள் கிடந்த மீனும், குளத்துக் கெண்டைகளும், கோடையிலேயே உலர்த்தி வைத்த பொம்பில் கருவாடும் கூடைகளில் இடம் பெறுகின்றன. மீன் விற்கும் கோலிப் பெண்களைக் கேட்டால், கடல் மூடியிருக்கிறது என்பார்கள்.

கடலை மூடுவது சட்டம். மேற்குக் கடற்கரையில் பொதுவாக ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாட்கள், இயந்திரப் படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது. இயந்திரம் பொருத்தாத நாட்டுப் படகுகளுக்கு இத்தடை இல்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் இதே 61 நாட்கள் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகின்றன. ஒரே நாட்டில் இரு கரைகளுக்கு இரு கணக்கு ஏன் என்று வாசகர் வினவக்கூடும். மீன்கள் முட்டையிடும் காலமும் கடல் கொந்தளிக்கும் காலமும் இரு கரைகளிலும் ஒன்றாக அமைவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்வது மேற்குக் கரையே ஆகும்.

சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே கோலி மக்கள் மழை தொடங்கியவுடன் படகுகளைக் கரையேற்றி, ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடி வைப்பது வழக்கம். சிராவண மாதப் பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் அர்ப்பணித்துவிட்டே மீண்டும் இறங்குவார்கள். அந்த நாளுக்கு நாரளி பூர்ணிமை என்று பெயர். பெரும்பாலான ஆண்டுகளில் அதே நாளில்தான் திலக் நகரின் தமிழ்க் குடும்பங்கள் சில ஆவணி அவிட்டம் கொண்டாடுகின்றன. சட்டத்தின் கணக்கில் கடல் ஆகஸ்டு முதல் நாளே திறந்துவிடுகிறது. வழக்கத்தின் கணக்கிலோ, பல ஆண்டுகளில் மேலும் சில நாட்கள் பொறுக்க வேண்டும். இவ்விரண்டில் மீனுக்கு உகந்தது பழைய கணக்கே என்று கருத இடமுண்டு. தடை நீங்கிய முதல் வாரத்தில் வலையில் சிக்குபவற்றில் பல, அந்த மழையில் பிறந்து இன்னும் விரல் நீளம்கூட வளராத குஞ்சுகள். இத்தகைய குஞ்சுகளைக் காக்கவே மகாராஷ்டிர அரசு 2023-இல் 54 வகைக் கடல் உயிரினங்களுக்குக் குறைந்தபட்ச நீளத்தை விதித்தது. அதே ஆண்டில் வெள்ளை வவ்வால் மாநில மீனாக அறிவிக்கப்பட்டது. மாநில மீன் என்னும் பட்டம் கிடைத்ததற்கு அதன் சுவை மட்டும் காரணமன்று. அது குறைந்துவருகின்றது என்ற கவலையும் ஒரு காரணம்.

கடலில் இவ்வளவு ஏற்பாடு இருக்க, நன்னீரில் நடப்பது வேறு. முதல் மழை பெய்து ஓடைகள் பெருகியவுடன், ஏரிகளிலும் ஆற்று மடுக்களிலும் கோடையைக் கழித்த மீன்கள் புதுவெள்ளத்தை எதிர்த்து மேலேறுகின்றன. மராத்தி மக்கள் இதனை வல்கண் என்கின்றனர். நீர் குளிர்வதும், ஓட்டம் மிகுவதும், கலங்கல் வருவதும் மீனின் உடலுக்கு அடையாளங்கள். இவ்வடையாளங்கள் கிட்டியதும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் நீர் இரத்தத்தில் கலக்கின்றது, முட்டைகள் முதிர்கின்றன. ரோகு போன்ற பெருங்கெண்டை ஒன்று, தன் எடையில் கிலோ ஒன்றுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமக்கக்கூடும். வெள்ளம் பரவிய ஆழமற்ற நிலத்தில் அவற்றை இடுவதற்காகவே அது அத்தனை பாடுபட்டு ஏறுகின்றது.

1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், ஒடிஷாவின் அங்குல் என்னும் ஊரில் ஹீராலால் சௌதுரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, குளத்துக் கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். மழையும் வெள்ளமும் தரும் செய்தியை ஊசிமுனை தந்தது எனலாம். இன்று மும்பை அங்காடிக்கு வரும் வளர்ப்புக் கெண்டைகள் அந்த நாளின் வழித்தோன்றல்களே. நாடெங்கும் ஜூலை 10 மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுவதும் இதனாலேயே.

ஆயினும் வளர்ப்புக் குளத்தில் இல்லாத வகைகள் எத்தனையோ. சேற்றுக் கெளுத்திக்கும், சிறு கெண்டைக்கும், ஓடைக் குறவைக்கும் எவரும் ஊசி போடுவதில்லை. அவை ஏறி வரும் அந்த இரண்டு மூன்று நாட்களில்தான் வேலை நாட்களில் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரெல்லாம் கூடையும் கொசுவலையுமாக ஓடைக்கு இறங்குகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரை ஆசிரியரின் அடுத்த வீட்டு நண்பர் ஒருவர், சொந்த ஊருக்குச் சென்று திரும்பியவர், ஒரு பை நிறைய மீனைக் கொண்டுவந்து காட்டினார். அறுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ எல்லாவற்றிலும் சினை. வீட்டார் அதனைத் தனியே வறுத்து, மிக நல்ல பண்டம் என்று எமக்கும் அனுப்பினர். யாமும் உண்டோம், அதை மறைப்பதற்கில்லை. ஆழ்கடலில் இயந்திரப் படகை நிறுத்தக் காவற்கப்பல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓடையில் நிற்பவரை நிறுத்துவார் அரிது.

மழை நீங்கி, ஐப்பசி வெயிலும் தணிந்தபின் வருவது பறவைகளின் பருவம். முன்னாளில் அது துப்பாக்கியின் பருவமுமாக இருந்தது. மும்பையைச் சூழ்ந்த வயல்களில் உள்ளான் சுடுவது அக்கால அதிகாரிகளின் விருப்பமான குளிர்காலப் பொழுதுபோக்கு. செம்பூரும் அன்று மரமடர்ந்த கிராமம். பறவையியல் அறிஞர் சலீம் அலி சிறுவயதில் விடுமுறைகளைக் கழித்த இடங்களுள் அதுவும் ஒன்று. அவருடைய மாமா அமீருத்தீன் தையப்ஜி வேட்டைப் பிரியர். காற்றுத்துப்பாக்கி பரிசளித்தவரும் அவரே. சிறுவன் சுட்ட ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டின் பெயரை அறியும் பொருட்டு, 1883-இல் நிறுவப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அவரை மாமா அனுப்பினார். சங்கச் செயலாளர் மில்லார்டு அவருக்குப் பறவைச் சேகரிப்பைத் திறந்து காட்டினார். பிற்கால ஆராய்ச்சியெல்லாம் அங்கிருந்தே தொடங்கியது.

வேட்டைக்காரர்க்கும் தடைக்காலம் இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். 1912-ஆம் ஆண்டின் சட்டம், பறவைகளும் விலங்குகளும் இனம் பெருக்கும் மாதங்களில் வேட்டையை விலக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு அளித்தது. தமிழ்நாட்டு உழவர்கள் இதில் மேலும் முந்தியவர்கள். வேடந்தாங்கல் ஏரியில் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைக் கண்டு அவர்கள் முறையிட, 1798 வாக்கில் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அதனை விலக்கி ஆணையிட்டார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுடைய வாதம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை அடியோடு நிறுத்தின.

துப்பாக்கி போன இடத்தில் இப்போது தொலைநோக்கி வந்துள்ளது. திலக் நகரிலிருந்து சிறு தொலைவிலுள்ள தாணே கடற்கழியின் சேற்று நிலங்களுக்கு நவம்பர் முதல் பூநாரைகள் வருகின்றன. 1990-களிலிருந்தே இவை இங்குப் பெருந்திரளாகக் கூடுகின்றன. சில ஆண்டுகளின் கணக்கெடுப்பில் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சிறு பூநாரை நுண்ணிய நீலப்பசும் பாசியை வடிகட்டி உண்கின்றது. இறகின் செந்நிறம் அவ்வுணவிலிருந்தே கிடைப்பது. நகரின் கழிவுநீரே இப்பாசியை வளர்க்கின்றது என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். 2015-இல் இங்கு ஏறத்தாழ 1,690 ஹெக்டேர் சரணாலயமாயிற்று. 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. காண விரும்புவோர் ஓதம் ஏறிவரும் வேளையைத் தேர்ந்துகொள்ளுதல் நன்று. நீர் ஏற ஏறப் பறவைகள் கரையை நெருங்கும். முழுதும் ஏறியபின் எழுந்து வேறிடம் சென்றுவிடும்.

அவ்வாறு இடம் பெயரும்போதுதான் அபாயம். 2024-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் இரவு, இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானம் ஒன்று பூநாரைக் கூட்டத்தின்மீது மோதியது. ஏறத்தாழ நாற்பது பறவைகள் திலக் நகருக்கு அடுத்த காட்கோபரின் தெருக்களிலும் கூரைகளிலும் வீழ்ந்தன. அவை தங்கும் சேற்று நிலங்களும் உப்பளங்களும் குறையக் குறைய, இரவிலும் அலைய நேர்கின்றது என்பது இயற்கை ஆர்வலர்களின் கருத்து.

மே முடிவில் பூநாரைகள் வடக்கே புறப்படுகின்றன. அவற்றின் பெரிய இனவிருத்தி இடம் கட்சுப் பெருவெளியின் ரண் ஆகும். சலீம் அலி 1945-இல் அங்குச் சென்று கண்டவற்றை அவ்வாண்டே சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். வறண்ட அந்த உப்புவெளியில் முழங்காலளவு நீர் தேங்கினாலன்றி அவை மண்மேடு கட்டி முட்டையிடுவதில்லை. எனவே மும்பையில் படகுகள் கரையேறும் அதே வாரத்தில், அதே மழைக்காக, அவை அங்கே காத்திருக்கின்றன.