ஆய்வகத்தில் வளரும் மூளைக் காவல் அணுக்கள்

மறதி நோயுற்ற முதியோரை எளாவூர், பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களிலிருந்து நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வரும் குடும்பத்தினர் கேட்பதுண்டு: “ஸ்டெம் செல் ஊசி போட்டால் அப்பாவுக்கு நினைவு திரும்புமா, டாக்டர்?” சிலர் விளம்பரத் தாளையும் கையோடு கொண்டு வருகின்றனர். படகை விற்றோ நகையை அடகு வைத்தோ பணம் திரட்டும் எண்ணமும் அக்கேள்விக்குப் பின்னால் இருக்கக்கூடும். ஆகவே ஸ்டெம் செல், அதாவது குருத்தணு, மூளை ஆய்வில் உண்மையில் எவ்வாறு பயன்படுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

மூளையில் நரம்பணுக்கள் மட்டும் இல்லை. மைக்ரோகிளியா எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்களும் அங்கு உள்ளன. 1919-இல் ஸ்பானிய அறிஞர் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா இவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். மெல்லிய கிளைகளை நீட்டியும் சுருக்கியும் இவை சுற்றுப்புறத்தை இடைவிடாது துழாவுகின்றன. செத்த மீனை ஏரி நண்டுகள் தின்று தீர்ப்பது போல, இறந்த அணுக்களையும் கழிவுப் புரதங்களையும் விழுங்குகின்றன. அல்சைமர் நோயில் அமிலாய்டு படிவுகளைச் சுற்றி இவை திரள்கின்றன. தொடக்கத்தில் அது பாதுகாப்பாகவே அமையலாம். அழற்சி நாள்பட்டதாகிவிட்டால் நல்ல நரம்பிணைப்புகளுக்கும் கேடு விளையலாம். ட்ரெம்-2 என்னும் மரபணுவின் சில மாற்றங்கள் அல்சைமர் நோய்க்கான வாய்ப்பை உயர்த்துவதை 2013-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மூளையில் அம்மரபணு பெரும்பாலும் மைக்ரோகிளியாவிலேயே இயங்குகிறது. அதன்பின் இவ்வணுக்களின் மீது ஆய்வாளர்களின் கவனம் பெரிதும் திரும்பியது.

ஆனால் உயிருள்ள மனிதரின் மூளையிலிருந்து இவற்றை ஆய்வுக்கென்று எடுத்துவிட முடியாது. அறுவையின்போது கிடைக்கும் சிறு அளவும், மூளையை விட்டு வெளியே வந்த சில மணி நேரத்திலேயே தன் இயல்பை இழக்கத் தொடங்குகிறது. சுண்டெலியின் அணுக்கள் மனித அணுக்களைப் போலவே எல்லாவற்றிலும் நடந்துகொள்வதும் இல்லை.

இங்கேதான் குருத்தணு உதவுகிறது. முதிர்ந்த அணுவை அதன் தொடக்க நிலைக்குத் திருப்பலாம் என்பதை ஜப்பானைச் சேர்ந்த ஷின்யா யமனாக்கா 2006-இல் சுண்டெலியிலும் 2007-இல் மனித அணுவிலும் காட்டினார். 2012-இல் நோபல் பரிசும் பெற்றார். நோயாளியிடமிருந்து சில மில்லிலிட்டர் இரத்தம் எடுத்தாலே போதும்.

அந்தக் குருத்தணுவை மைக்ரோகிளியாவாக்குவது எப்படி? இறாலை எண்ணிப் பாருங்கள். அது கடலில் பிறந்து, குஞ்சாக முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்கிறது. மைக்ரோகிளியாவும் மூளையில் பிறப்பதில்லை. கருவின் தொடக்க நாள்களில் மஞ்சட்கருப் பையில் தோன்றி, மூளைக்குள் குடியேறுகிறது. (இறால் பின்னர் கடலுக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது.) அந்தப் பயணத்தையே ஆய்வகத்தில் மறுபடி நிகழ்த்துகின்றனர். குருத்தணுவை முதலில் இரத்த அணுக்களின் முன்னோடியாக மாற்றுகின்றனர். பின்னர் மூளையில் இயல்பாகச் சுரக்கும் இன்டர்லூக்கின்-34 போன்ற புரதங்களை ஊட்டுகின்றனர். இதற்கு ஏறத்தாழ ஐந்தாறு வாரங்கள் ஆகும். 2016 முதல் இதற்கான பல செய்முறைகள் வெளிவந்துள்ளன.

இவ்வாறு வளர்ந்த அணுக்களுக்கு அமிலாய்டைக் கொடுத்து, நோயாளியின் அணு எவ்வளவு விழுங்குகிறது, நோயற்றவரின் அணு எவ்வளவு விழுங்குகிறது என ஒப்பிடலாம். புதிய மருந்தையும் சோதிக்கலாம். குறையும் உண்டு. எழுபது வயதுக்காரரின் இரத்தத்திலிருந்து வந்தாலும், தட்டில் வளரும் அணு இளம் அணுவாகவே நடந்துகொள்கிறது. முதுமையின் நோயை இளம் அணுவில் தேடுவது எளிதன்று.

பெங்களூரில் நிம்ஹான்ஸ், தேசிய உயிரியல் அறிவியல் மையம், இன்ஸ்டெம் ஆகிய மூன்றும் இணைந்து, குருத்தணு வழியாக மூளை நோய்களை ஆராயும் திட்டமொன்றைத் தொடங்கின. ஒரே குடும்பத்தில் பலருக்கு மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, மறதி நோய் போன்றவை இருந்தால், நோயுற்றவரிடமும் நோயற்ற உறவினரிடமும் இரத்தம் பெற்று அணுக்களை வளர்த்தனர். அதே வீட்டின் நலமான உறுப்பினரே சிறந்த ஒப்பீடு என்பது என் கருத்தும்.

இவை யாவும் ஆராய்ச்சி, சிகிச்சை அல்ல. மறதி நோயைக் குணப்படுத்துவதாக நிறுவப்பட்ட குருத்தணு ஊசி இன்று எங்கும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, குறிப்பிட்ட சில நோய்களுக்குச் செய்யப்படும் இரத்தக் குருத்தணு மாற்றைத் தவிர, பிற குருத்தணுப் பயன்பாடு எதுவும் ஒப்புதல் பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே நடைபெறலாம். அத்தகைய ஆய்வில் சேர்பவரிடம் கட்டணம் பெறுதல் கூடாது. எனவே யாரேனும் இலட்சங்களைக் கேட்டால், ஆய்வுப் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள். அந்தத் தாளை எங்களிடமும் காட்டுங்கள். அதுவரை, தந்துள்ள மாத்திரைகளை நிறுத்த வேண்டாம்.

ஆய்வுக்கு இரத்தம் தருமாறு உங்களைக் கேட்டால், விருப்பமிருப்பின் தரலாம். மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது. ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டுப் பெறுங்கள். படிக்க இயலாதவர்க்கு, ஆய்வோடு தொடர்பற்ற ஒரு சாட்சியின் முன்னிலையில் அதைப் படித்துக் காட்ட வேண்டும். நோய் முற்றித் தாமே முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ளவர்க்காக, சட்டப்படி உரிமையுள்ள உறவினர் கையொப்பமிடலாம். பின்னர் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம்.