மனச்சோர்வை இரத்தம் காட்டுமா?

“உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை.” மனச்சோர்வால் அவதியுறும் மாணவர் பலர் வீட்டில் கேட்கும் சொல் இது. நீரிழிவுக்கு இருப்பதுபோல் இதற்கும் ஓர் இரத்தப் பரிசோதனை இருந்தால் அப்படிச் சொல்வார்களா? அறிவியலாளர்கள் அதைத் தேடாமல் இல்லை.

1952-இல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் இப்ரோனியசிட் என்னும் மருந்தை உட்கொண்ட காசநோயாளிகள் வழக்கத்திற்கு மாறான உற்சாகம் அடைந்தனர். மோனோ அமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியை அம்மருந்து தடுப்பதும் அதே ஆண்டில் தெரியவந்தது. செரோட்டோனின் போன்ற நரம்புச் செய்திகளைக் கடத்தும் வேதிப்பொருள்களைச் சிதைப்பதே இந்நொதியின் வேலை.

உயிரோடிருப்பவரின் மூளையைக் கீறி நொதியை அளக்க முடியுமா? எனவே ஆய்வாளர்களின் பார்வை இரத்தத்தின் பக்கம் திரும்பியது. டிங்கி காய்ச்சல் கண்டவருக்குக் குறைவதாக நாம் அடிக்கடி கேள்விப்படும் பிளேட்லெட்டுகள், நரம்பணுக்களைப் போலவே செரோட்டோனினை உறிஞ்சிச் சேமிக்கின்றன. மேற்கூறிய நொதியும் அவற்றில் உண்டு. 1972-இல் டென்னிஸ் மர்ஃபியும் வைஸும், இருதுருவ மனநிலைக் கோளாறு உடையோரின் பிளேட்லெட்டுகளில் இந்நொதியின் செயற்பாடு குறைந்திருப்பதாக அறிவித்தனர். நொதியைத் தடுத்தால் மனம் தெளிகிறது. நோயாளியிடமோ அது ஏற்கெனவே குறைவு! இந்த முரணே ஆய்வாளர்களை எச்சரித்திருக்க வேண்டும். பின்வந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

ஏன்? இந்நொதியில் ‘ஏ’, ‘பி’ என இரு வகைகள் உள்ளன. மூளையில் இரண்டும் உண்டு. பிளேட்லெட்டில் இருப்பது ‘பி’ மட்டுமே. செரோட்டோனினை முதன்மையாகச் சிதைப்பதோ ‘ஏ’!

இதைவிடப் பெரிய சிக்கல் சிகரெட். புகைப்போரின் மூளையில் ‘பி’ வகை சுமார் 40 விழுக்காடு குறைந்திருப்பதை 1996-இல் ஜோனா ஃபௌலர் குழுவினர் படமெடுத்துக் காட்டினர். புகைப்பதை விட்டவர்களிடம் இக்குறைவு இல்லை. புகைப்போரின் பிளேட்லெட்டுகளிலும் இந்நொதி குறைகிறது. மனநோயாளிகளிடையே புகைப்பழக்கம் மிகுதி. தொடக்கக்கால ஆய்வுகளோ பெரும்பாலும் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. நோயின் அடையாளமென எண்ணப்பட்டதில் எவ்வளவு புகையின் அடையாளம்?

இன்றும் மனச்சோர்வை மருத்துவர் பேசியும் கேட்டுமே கண்டறிகிறார். இரத்தம் எடுக்கச் சொன்னால், தைராய்டுக் குறைபாடு, இரத்தச்சோகை முதலியன சோர்வுக்குக் காரணமா என்று பார்ப்பதற்கே. அந்த அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்தால், அந்தக் காரணங்கள் விலகின என்றுதான் பொருள். மனச்சோர்வு இல்லை என்பதன்று.