கூலி: ஒரு சொல்லின் இழிபொருட்பேறு

சின்னமனூர் என்ற அளவிலே தமிழறிஞர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன அவ்வூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளே. மதுரையிற் சங்கம் நிறுவப்பட்டமையையும் பாரதம் தமிழிற் செய்யப்பெற்றமையையும் கூறும் அப்பெரிய செப்பேடு அறிஞர் பலரால் ஆராயப்பட்டுள்ளது. அவ்வூர் தரும் பிறிதொரு சான்றினை ஈண்டு எடுத்துக்கொள்வாம். அது செப்பேட்டில் இல்லை. மக்கள் நாவில் உள்ளது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களிலும் வாழைத் தோட்டங்களிலும், மேகமலைத் தேயிலைத் தோட்டங்களிலும், மலை கடந்து இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களிலும் உழைப்போர் நாள்தோறும் வழங்கும் 'கூலி' என்னும் சொல்லே அது. 'இன்று கூலி எவ்வளவு?' என்று வினவுவார்க்கு அச்சொல்லில் நாணம் இல்லை. ஆங்கிலத்திலோ அச்சொல் மாந்தரை இழித்துரைக்கும் வசையாயிற்று. அஃது எங்ஙனம் ஆயிற்று என்பதே எம் வினா.

தமிழிற் கூலி என்பது செய்த வேலைக்கு உரிய ஊதியம். நாட்கூலி, அறுப்புக்கூலி, சுமைகூலி, வண்டிக்கூலி, செய்கூலி என்னும் தொடர்கள் யாவும் அப்பொருளினவே. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளிலும் இச்சொல் உண்டு. திருக்குறள் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் (குறள் 619), உடல் வருந்திச் செய்யும் முயற்சி தரும் பயனைக் குறிக்க இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. ஊழுக்கும் உழைப்புக்கும் இடையே எது வலிது என்று ஆராயும் இடத்தில், உழைப்பின் பக்கம் நிற்கும் சொல் இது. பரிமேலழகர் அறுவகைப் படையுள் ஒன்றாகக் கூலிப்படையினை எண்ணுவர். ஆண்டும் அச்சொல் படையின் வகையை உணர்த்துகிறதேயன்றிப் பழிப்பை உணர்த்தவில்லை.

இனி, ஆங்கிலச் சொல்லின் பிறப்பினைக் காண்பாம். இச்சொல் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக ஐரோப்பிய எழுத்துகளில் இடம்பெறத் தொடங்கியது. 1886இல் யூல், பர்னல் இருவரும் வெளியிட்ட 'ஆப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி, குசராத்துப் பகுதியிற் கோலி என்னும் குலத்தாரின் பெயரையும், தமிழ்க் கூலி என்னும் சொல்லையும் இதற்கு மூலமாக எடுத்துக் கூறுகிறது. குலப்பெயரே முதலில் வழங்கியது என்பாரும் உளர். எனினும், ஆங்கிலச் சொல்லின் முதலுயிர் ஊகாரமாக ஒலித்தலும், அது ஊதியத்திற்கு உழைப்பாரைக் குறித்தலும் தமிழ்ச் சொல்லொடு பொருந்துகின்றன. மேலைக் கரையில் எழுந்த பெயர் கீழைக் கரையில் தமிழ்ச் சொல்லின் பொருளை ஏற்றது எனக் கொள்ளினும் இழுக்கில்லை.

இம்மாற்றம் மூன்று படிகளில் நிகழ்ந்தது. முதற்படி ஊதியத்தின் பெயர் ஊதியம் பெறுவானுக்கு ஆனமை. தமிழில் ஆளைக் குறிக்கவேண்டின் கூலியாள் என்றோ கூலிக்காரர் என்றோ கூறுவதே மரபு. பிறமொழியாளர் 'ஆள்' என்பதனை விடுத்துக் 'கூலி' என்பதனையே ஆளுக்குப் பெயராக்கினர். இலக்கண நூலார் வழிநின்று நோக்கின் இஃது ஆகுபெயர் போல்வதேயாம். ஆயின் இவ்வாகுபெயரில் மறைந்தது 'ஆள்' என்னும் சொல் மட்டுமன்று; அவனுக்குரிய மாந்தத் தன்மையும் உடன் மறைந்தது. ஒருவன் கேட்டுப் பெறும் உரிமையின் பெயரே அவனை ஏவுவதற்குரிய பெயராயிற்று.

இரண்டாம் படி தொழிலின் பெயர் இனத்தின் பெயரானமை. ஒப்பந்தத் தொழிலாளர் பிரிட்டிசுக் குடியேற்றங்களுக்குப் பெருந்தொகையாக அனுப்பப்பட்ட காலம் அது. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' என்னும் கப்பல் நேட்டாலின் தர்பனை அடைந்தது. அதன்பின் அங்கு இந்தியர் யாவரும் 'கூலி' என்றே அழைக்கப்பட்டனர். 1893இல் ஆங்குச் சென்ற காந்தியடிகள், வணிகரும் 'கூலி வணிகர்' எனவும், தாம் 'கூலி வழக்கறிஞர்' எனவும் சுட்டப்பட்டதைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். எவரிடத்தும் நாட்கூலி பெறாத வணிகரும் கூலி எனப்பட்டனர் எனின், அச்சொல் ஊதியப் பொருளை முற்றும் இழந்தது என்பது தெளிவு. தமிழர் பெயரீற்றில் வரும் 'சாமி' என்பதும் அவ்வாறே ஏளனச் சொல்லாயிற்று எனவும், தலைவன் என்னும் அதன் பொருளைச் சுட்டி நம்மவருள் சிலர் மறுமொழி கூறினர் எனவும் அவர் குறித்துள்ளார்.

மூன்றாம் படி, சொல் வெறும் வசையாகி நிலைபெற்றமை. ஆப்பிரிக்கான மொழியிலும் கரிபியன் தீவுகளிலும் அது புண்படுத்தும் சொல்லாகவே நின்றது. சீனர் இதனைக் 'குலி' என ஒலிபெயர்த்து எழுதிய இரண்டு எழுத்துகள் 'கசப்பு', 'வலிமை' என்னும் பொருளன. ஒலியை எழுதப் புகுந்தோர் துன்பத்தையும் உடன் எழுதிவிட்டனர்.

வசையைத் தமதாக்கி நிமிர்ந்தோரும் உளர். கயானாவின் இராசகுமாரி சிங் 1973இல் தம்மைக் 'கூலி' என்றே பெருமிதத்துடன் அறிவித்துக் கட்டுரை எழுதினார். மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் 'கூலித்துவம்' என்னும் கருத்தினை நிறுவினார்.

தமிழிலும் இச்சொற்கு இழிவு அறவே இல்லை என்று கூறல் நேர்மையாகாது. மனமின்றிச் செய்யும் வேலையைக் 'கூலிக்கு மாரடித்தல்' என்கிறோம். 'கூலிப்படை' இன்று கொலைஞர் கூட்டத்தையே குறிக்கிறது. ஆயினும் நாட்கூலியின் பெயர் கெடவில்லை. 2016ஆம் ஆண்டு இரயில்வே வரவு செலவுத் திட்டத்தில், நிலையச் சுமைதூக்குவோரைக் 'கூலி' என்னாது 'சகாயக்' எனல் வேண்டும் என அறிவிக்கப்பட்டது. பெயர் மாற்றம் நன்றே. ஆயின் பெயரோடு ஊதியமும் மாறினாலன்றி இழிவு நீங்காது.

இவ்வாராய்ச்சியால் ஆய்வு மாணவர்க்கு ஒரு பயன் உண்டு. புலம்பெயர்ந்த தோட்டத் தொழிலாளர் வரலாற்றைத் தமிழில் எழுதுவோர், ஆங்கில ஆவணங்களைப் பின்பற்றிக் 'கூலிகள்' என்று எழுதிவிடுகின்றனர். அது தமிழ்ச் சொல்போலத் தோன்றினும், கடல் கடந்து இழிபொருள் பெற்று மீண்டு வந்த சொல்லே. மேற்கோளிலன்றிப் பிறவிடத்து அதனை விலக்கி, 'தொழிலாளர்' என்றோ 'கூலியாள்' என்றோ எழுதுதல் முறை. கூலி என்னும் சொல்லை, சின்னமனூர் வயல்வெளியில் மாலைப்பொழுதில் கை நீட்டிப் பெறுகின்ற ஊதியத்திற்கே உரியதாக வைத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.